ஒருத்திக்கான முதல் பக்கம்

பிரேமலா முப்பத்தாறு வயதில் மறுபடியும் படிக்கப் போனதை அலுவலகத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'தென்கரைச் செய்தி' செவ்வாயும் சனியும் வெளிவரும் பத்திரிகை. மலேசியாவின் தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடிதான் அதன் அலுவலகம். பக்கங்களை எல்லாம் வடிவமைப்பவள் அவள்தான். முதல் பக்கத்தில் வெட்டுக்குத்து, கடைசிப் பக்கத்தில் பந்தாட்டம், நடுவில் கோயில் திருவிழாவும் இரங்கல் அறிவிப்புகளும். பல வருடமாக இதையே செய்கிறவள், ஊடகக் கோட்பாடு என்று ஒன்றைப் படிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூர் பாருவுக்கு ஓடினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "நீந்தத் தெரிஞ்ச மீனுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் எதுக்கு லா?" என்றார் பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் பத்திரிகை ஆசிரியர் மகேஸ்வரன்.

மகேஸ்வரனைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பத்திரிகை விற்க வேண்டும், அதுதான் அவருடைய வேதம். ஒரு பெண்ணைக் காணோம் என்றால் அவருக்குத் தெரிந்த தலைப்பு ஒன்றே ஒன்று: 'காதலனோடு ஓட்டமா?' சிவப்பு எழுத்து, பக்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி போட்டுவிட்டால் வழக்கு வராது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பெண்ணுக்குக் காதலன் என்று ஒருவன் இருக்கிறானா என்று அவர் விசாரித்ததே கிடையாது. அந்த வேலையைக் கேள்விக்குறியிடமே விட்டுவிடுவார்.

அதனால்தான் புதன்கிழமை காலையில் காளியம்மா படியேறி வந்து, "என் பொண்ணக் காணோம்" என்றதும் பிரேமலா முதலில் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

காளியம்மா ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. ஒரே மகள் லோஷினி, இருபது வயது. தாதிப் படிப்புப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் தாய். மகளோ பரீட்சையில் தேறாமல் படிப்பை எப்போதோ விட்டுவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாள். உண்மை தெரிந்த அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது.

"என் மூஞ்சியிலேயே முழிக்காதடின்னு சொல்லிட்டேம்மா" என்றாள் காளியம்மா. "கோவத்துல சொல்றதுதானே? எல்லா அம்மாவும் சொல்றதுதானே? அவ பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போன அடைச்சுட்டா. போலிஸ்ல ரிப்போர்ட் பண்ணா, பெரிய பொண்ணு, தானாப் போயிருக்கு, தானா வரும்ங்கறாங்க. நீங்க பேப்பர்ல போடுங்க."

மகேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விரல்கள் ஏற்கெனவே காற்றில் கேள்விக்குறி வரைய ஆரம்பித்துவிட்டன.

"ஆனா, ஓடிட்டான்னு மட்டும் போட்டுறாதீங்க" என்றாள் காளியம்மா. "அப்படிப் போட்டா அம்மாவே நம்மள அப்படித்தான் நெனச்சுட்டாங்கன்னு நெனப்பா. ரோஷக்காரி. அப்புறம் வரவே மாட்டா."

"போட மாட்டோம்" என்றாள் பிரேமலா. ஆசிரியர் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் அதற்கு அதிகாரமில்லாதவள் என்பது நினைவுக்கு வந்தது. வந்தாலும் பரவாயில்லை என்று அப்படியே நின்றாள்.

அவளுக்கும் அந்த வாரம் ஒரு வேலை இருந்தது. வகுப்பில் விரிவுரையாளர் ஷாந்தினி கடைசிப் பயிற்சியாகக் கொடுத்திருந்தது இதுதான்: ஒரு பரபரப்புப் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கோட்பாட்டின்படி வடிவமைக்க வேண்டும், அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் எழுத வேண்டும். ஷாந்தினி அழகாகச் சொல்லிக்கொடுப்பார். பத்திரிகைக்காரன் அர்த்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறான். வாசகன் அதைத் தன் வீட்டில் வைத்துத் தன் கையால் பிரிக்கிறான். கட்டியவன் வைத்ததுதான் பிரிப்பவன் கையில் கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படம் பல பக்கம் இழுக்கும். அதை ஒரு பக்கமாக நிறுத்துவது கீழே இருக்கும் எழுத்து, படகுக்கு நங்கூரம் மாதிரி. இதையெல்லாம் கேட்ட நாளிலிருந்து பிரேமலாவுக்குத் தான் போட்ட பழைய முதல் பக்கங்களை நினைத்தால் கூச்சமாக இருந்தது. எத்தனை பெண்களை அந்தச் சிவப்பு எழுத்தில் ஓட விட்டிருக்கிறோம்! இந்த ஒருத்தியையாவது ஓட விடக் கூடாது.

மகேஸ்வரனோடு மல்லுக்கட்டுவது லேசான காரியமில்லை. வியாழக்கிழமை பகல் முழுக்கக் கட்டினாள்.

"சிவப்பு வேணாம். கேள்விக்குறி வேணாம். கத்தற தலைப்பே வேணாம்."

"அப்ப பேப்பரும் வேணாமா?"

"அந்தப் பொண்ண எல்லாரும் தேடணும்ணே. ஓடிட்டான்னு போட்டா எவன் தேடுவான்? கதை முடிஞ்சுதுன்னு பந்துப் பக்கத்துக்குப் போயிடுவான்."

மகேஸ்வரன் தே தாரேக் தேநீர்ப் பொட்டலத்தின் ஸ்ட்ராவைக் கடித்தபடி யோசித்தார். "ஒரு வாட்டி உன் படிப்பையும் பாத்துடுவோம்" என்று எழுந்து போனார். சண்டையில் ஜெயித்தவளுக்கே உரிய வேகத்தோடு பிரேமலா வேலையில் உட்கார்ந்தாள்.

இரைச்சல் எதுவும் இல்லாத பக்கம். சுற்றிலும் வெள்ளை. கண் முதலில் போய் விழும் இடத்தில் லோஷினியின் பாஸ்போர்ட் படம். நேராகப் பார்க்கும் கண்கள். அந்தப் பார்வை வாசகனை விடாது. வெள்ளையில் படம் கரைந்துவிடாதிருக்கச் சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். கீழே பெரிய எழுத்தில் 'செல்வி லோஷினி'. இடப்பக்கம் பிறந்த தேதி, வலப்பக்கம் கடைசியாகக் காணப்பட்ட தேதி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் விவரம்: காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லுங்கள், தாயார் காளியம்மா, பிரேமலாவின் கைப்பேசி எண். கண்ணியமான பக்கம். ஒவ்வொரு கோட்டுக்கும் அவளிடம் காரணம் இருந்தது. மகேஸ்வரன் பார்த்துவிட்டு, "ரொம்ப அமைதியா இருக்கே" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பக்கத்தையும் கட்டுரையையும் ஷாந்தினிக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமையே பதில் வந்துவிட்டது: 'எளிமை, மரியாதை. இந்த வகுப்பில் இதுவரை வந்ததிலேயே சிறந்தது.' பிரேமலா அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பசியாற உட்காரும்போது கைப்பேசி அடித்தது. காளியம்மா. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"ஏம்மா, என் பொண்ண நீங்களே கொன்னுட்டீங்களா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"வாசல்ல கெமா, கூடாரம் போட்டுட்டாங்கம்மா! நாப்பது நாற்காலி வந்து எறங்கிருக்கு! லாயாங் லாயாங்லேருந்து என் நாத்தனார் மாலையோட வந்து நிக்கறா. எப்ப எடுக்கறீங்கன்னு கேக்கறா. யார எடுக்கறதுன்னு நான் சொல்றது? என்னம்மா போட்டீங்க பேப்பர்ல?"

பிரேமலா மேசையில் கிடந்த பத்திரிகையைத் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

இந்த ஊரில் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முதலில் பார்ப்பது இரங்கல் பக்கத்தைத்தான். யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நாட்டு நடப்பு. அந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்: கறுப்புக் கட்டத்துக்குள் நேரே பார்க்கும் பாஸ்போர்ட் முகம், கீழே பெரிதாகப் பெயர், இந்தப் பக்கம் பிறந்த தேதி, அந்தப் பக்கம் போன தேதி, அடியில் குடும்பத்தார் பெயரும் தொலைபேசி எண்ணும். சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை. படிக்க என்ன இருக்கிறது, தேதி தெரிந்தால் போதாதா? அந்தக் கட்டங்களை வாரம் தவறாமல் கட்டுகிறவள் பிரேமலாவேதான். மூளை கோட்பாட்டைப் பேசிக்கொண்டிருக்க, கை அதன் பாட்டுக்குப் பழகிய தடத்தில் போய்விட்டது. அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் எல்லாருக்கும் அது காணாமல் போன பெண் என்று முன்பே தெரியும். ஷாந்தினியோ கட்டுரையைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்தவர். எந்த நங்கூரமும் இல்லாமல் பார்த்தவர்கள் ரெங்கத்துக்காரர்கள்தான்.

காலை பத்து மணிக்குள் அந்தப் படம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு வாட்ஸப்பில் ஜொகூர் முழுக்கச் சுற்றியது. 'ஆழ்ந்த இரங்கல்', 'சின்ன வயசு, பாவம்', கூப்பிய கைகள். பிரேமலா ஒவ்வொரு குழுவிலும் 'சாகவில்லை, காணவில்லை' என்று எழுதி எழுதி விரல் வலித்ததுதான் மிச்சம். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தாயிடம் என்ன முகத்தோடு பேசுவது என்பதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது.

அப்போது ஒரு அழைப்பு. எண் தெரியவில்லை. இளம்பெண்ணின் குரல்.

"பேப்பர்காரங்களா?"

"ஆமாம்மா. யாரு?"

"நீங்க சாவு நியூஸ் போட்டீங்களே, அந்த லோஷினி."

பிரேமலா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "லோஷினி! எங்கம்மா இருக்க? நல்லா இருக்கியா?"

"எங்கம்மா சொல்லித்தானே போட்டீங்க? அவங்க பேரு போட்டிருக்கே. வேற சாதி, மதத்துல கட்டிக்கிட்டுப் போன பொண்ணுங்களுக்குத்தான் இப்படி உசுரோட கருமாதி போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பெயிலானதுக்குமா அக்கா?" குரல் உடைந்தது. "மூஞ்சியில முழிக்காதன்னாங்க. சரி. இப்பத் தலையே முழுகிட்டாங்க. செத்தவ செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்."

"இல்லம்மா, அது என் தப்பு, நான் சொல்றதக் கேளு..."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் அடைத்துவிட்டிருந்தாள்.

பிரேமலாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். கொஞ்ச நேரம்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு கார்ச் சாவியை எடுக்கும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பக்கத்தை ஊருக்காகக் கட்டியதுதான் முதல் தப்பு. ஊர் தேட வேண்டியதில்லை. தொலைந்தவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று நன்றாகவே தெரியும். இந்தப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டியவள் ஒருத்திதான். அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு முதல் பக்கம் போட்டாக வேண்டும், செவ்வாய்க்கிழமையே.

ரெங்கத்தில் காளியம்மாவின் வீட்டு வாசலில் நீலக் கூடாரமும் அதன் கீழ் துக்கம் கேட்க வந்த வெள்ளைச் சட்டைக்காரர்களும் அப்படியே இருந்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று சிலர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாதான் கூடாரத்துக்கு ஏற்பாடு செய்தவள். அவள் பிரேமலாவை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அது?" என்றாள். பிரேமலா தலைகுனிந்து அவளைக் கடந்து உள்ளே போனாள்.

"அக்கா, லோஷினி எனக்குப் போன் பண்ணா. உசுரோட இருக்கா. நல்லா இருக்கா."

காளியம்மா அடுப்படிப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளோ வாசலுக்கு வந்து, கூடாரம் அதிர ஏச ஆரம்பித்தாள்.

"உசுரோட இருக்காளா? ஒரு போன் பண்ணத் தெரியாதா அவளுக்கு? பேப்பர்காரிக்குப் பண்ணத் தெரியுது, பெத்தவளுக்குப் பண்ணத் தெரியல! பெயிலாயிட்டா என்னடி, நான் படிச்சா கிழிச்சேன்? அதச் சொல்லாம மறைச்சியே, அதுக்குத்தானடி ஏசினேன்! பாதி ஏசறப்பவே பையத் தூக்கிக்கிட்டுப் போறியே, நான் என்ன ஏசி முடிச்சுட்டேனா? வாடி வீட்டுக்கு! இன்னும் ஏசி முடிக்கல!"

"ஏசாத காளியம்மா, புள்ள இருக்காளேன்னு சந்தோஷப்படு" என்று வெள்ளையம்மா கையைப் பிடித்தாள். காளியம்மா உதறினாள்.

பிரேமலா அதற்குள் கைப்பேசியை உயர்த்திவிட்டிருந்தாள். கலைந்த தலை, நீட்டிய விரல், திறந்த வாய், ஈரக் கண்; அத்தனையும் நேராக அவளைப் பார்த்து. எடுத்த பிறகு கேட்டாள்: "அக்கா, இத முதல் பக்கத்துல போடவா? நீங்க சொன்னதையே சொன்ன மாதிரியே?"

"அவ பாப்பாளா?"

"பாக்க வைக்கறேன்."

"அப்ப போடு" என்றாள் காளியம்மா. "இந்தத் தடவை யாரையும் சாகடிக்காம போடு."

மகேஸ்வரன் செவ்வாய் இதழுக்கு வேறு செய்தி வைத்திருந்தார். ஒரு அரசியல்வாதி ஒரு கோயிலுக்குக் கொடுத்த வாக்கும், கொடுக்காத நிலமும். தவறுக்கு வருந்துகிறோம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும் என்றார்.

"மூணாம் பக்கத்துல போட்டா அவ பாக்க மாட்டா."

"அவளுக்குத் தனியா சொல்லு லா."

"எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? அவ பாத்தது நம்ம முதல் பக்கத்த. பதிலும் அங்கதான் வரணும்."

"யாரு படிப்பா இத? ஒரு அம்மா ஏசறா. இதுல என்ன நியூஸ்?"

"ஒருத்தி படிப்பா."

"ஒருத்திக்காக முதல் பக்கமா?"

"ஆமாண்ணே. அந்த ஒருத்தியக் கொன்னது நம்ம முதல் பக்கம்தானே?"

மகேஸ்வரன் அரசியல்வாதியை உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். திங்கள் காலை முழுக்கப் பிரேமலாவின் திரையை எட்டிப் பார்க்காத மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே நடமாடினார். அவள் காளியம்மாவின் படத்தைப் பக்கம் முழுக்க விரித்தாள். கட்டம் இல்லை, கோடு இல்லை, தேதி இல்லை. நீட்டிய விரல் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்துவிடும் போல இருந்தது. தலைப்பை ஓரமாக, அடக்கமாக, கறுப்பில் வைத்துப் பார்த்தாள். என்னவோ குறைந்தது.

"ஏச்சுக்குப் போய்ச் சின்ன எழுத்தா?" என்றார் பின்னால் நின்ற மகேஸ்வரன், அடக்க முடியாமல். "அம்மா காதோட காதாவா ஏசினாங்க? பெருசா போடு லா. சிவப்புல போடு. எதுக்கு வெச்சிருக்கோம் சிவப்பு?"

பிரேமலா திரும்பி அவரைப் பார்த்தாள். மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கத்துவதற்கென்றே பிறந்த எழுத்துக்கு இப்போதுதான் கத்த நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது. 'வாடி வீட்டுக்கு! இன்னும் ஏசி முடிக்கல!' என்று பக்கத்தின் பாதியை அடைத்துச் சிவப்பில் போட்டாள். கீழே ஒரே வரி: 'லோஷினி, சனிக்கிழமைப் பக்கம் எங்கள் தவறு. உன் அம்மா உன்னைத் தலைமுழுகவில்லை.' ஷாந்தினிக்கும் ஒரு செய்தி அனுப்பினாள், முதலில் கொடுத்த பயிற்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், இதைத் திருத்துங்கள் என்று. அன்றைக்கு மாலையே, இரங்கல் சொன்ன ஒவ்வொரு வாட்ஸப் குழுவுக்கும் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டாள். இந்தத் தடவை யாராவது வெட்டினாலும் பரவாயில்லை, எழுத்து படத்தின் மேலேயே ஏறி நின்றது.

செவ்வாய்க்கிழமை கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. குளுவாங்கிலிருந்து ஒருவர் சிரிசிரி என்று சிரித்துவிட்டு வைத்தார். பெற்ற பிள்ளையைப் பேப்பரில் ஏசுவதா, இதுதான் தமிழ்ப் பண்பாடா என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் பாடமெடுத்தார். எங்கம்மாவும் இப்படித்தான் என்று சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு பையன் விம்மினான். எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவள் காத்திருந்த அந்த ஒருத்தி இவர்களில் இல்லை. மத்தியானம் வரை வராத அழைப்பு இனி வராது என்று மனசு சொல்லும்போதெல்லாம், வரும் என்று பதிலுக்கு மனசையே அதட்டினாள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மூன்று மணி வாக்கில் வந்தது.

"அக்கா." அதே குரல். இந்தத் தடவை அவளாகப் பேசட்டும் என்று பிரேமலா காத்திருந்தாள்.

"அம்மா ரொம்ப ஏசுவாங்களா?"

"ரொம்ப" என்றாள் பிரேமலா. "நான் நேர்ல கேட்டேன். கூடாரமே ஆடிச்சு."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அவங்க வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாங்கன்னு தெரியுமா?"

"அவங்க வேலைக்கே போகல. சனிக்கிழமையிலேருந்து வாசல்லயேதான் உக்காந்திருக்காங்க."

அழைப்பு முடிந்தது. பிரேமலா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காளியம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுபவள் பாதி வழியில் இறங்கிவிடவும் கூடும். அந்தத் தாயை இன்னொரு தடவை ஏமாற்றத் தன்னால் முடியாது. இரங்கல் பக்கத்துக்கு வந்திருந்த படங்களை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் காளியம்மாவின் எண் ஒளிர்ந்தது. எடுத்தாள். பேசியது லோஷினி.

"அக்கா, வந்துட்டேன்."

அதற்கு மேல் அவள் பேச வழியில்லை. பின்னாலிருந்து காளியம்மா பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். இளைத்துப் போனதுக்கு ஒரு ஏச்சு, போனை அடைத்ததுக்கு ஒரு ஏச்சு, படிப்பை மறைத்ததுக்கு ஆதியிலிருந்து ஒரு ஏச்சு, நடுநடுவே குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் போன் என்ன போன் என்று ஒரு ஏச்சு. லோஷினி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரேமலாவுக்குப் பிரித்தறிய முடியவில்லை. தன் கன்னத்தில் வழிவதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நிறுத்தவே மாட்டேங்கறாங்க அக்கா."

"யாருடி போன்ல?" காளியம்மாவின் குரல் நெருங்கியது. "பேப்பர்காரம்மாவா? வைக்கச் சொல்லாத! உன்னை முடிச்சுட்டு வரேன். என் பொண்ண உசுரோட கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டாங்களே, அவங்களுக்கும் இருக்கு!"

"அக்கா, வைக்கக் கூடாதாம்" என்றாள் லோஷினி.

"வைக்கலன்னு சொல்லும்மா" என்றாள் பிரேமலா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.